படுத்த புழுவை எழுப்பக் கூடாது

கால் மரத்துப் போவது வேறு, கால் போவது வேறு. நம் வயசுக்காரிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சம்மணம் போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தால் கால் மரக்கும், இரண்டு உதறு உதறினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து சரியாகிவிடும். அதற்கு யாரும் ஆஸ்பத்திரி தேட வேண்டாம். ஆனால் போன வாரம் நம்மில் ஒருத்தி காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாளே, அது அப்படியா? வாய் ஒரு பக்கமாக இழுத்ததை எல்லோரும்தான் பார்த்தோம். ஒருத்தி பித்தம் என்றாள். ஒருத்தி எலுமிச்சம்பழம் தேடப் போனாள். அவளே, மருமகள் ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். நான்தான் கத்திக் கூப்பாடு போட்டு வண்டி வரவைத்தேன். இப்போது அவள் தேறி வருகிறாள். அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால், இவளுக்கு என்ன இவ்வளவு பதற்றம், மூணாவது படித்தவள் டாக்டர் மாதிரி ஆடுகிறாள் என்று பேசியது என் காதில் விழுந்தது. விழட்டும். மூணாவதுதான் படித்தேன். என் கையெழுத்தை நானே போடுவேன், பஸ் போர்டைப் படிப்பேன், இது வரைக்கும் யாரிடமும் போய் நின்றதில்லை. ஆனால் உடம்பு கைவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று உள்ளே படுத்துப் பார்த்தவள் நான். அதைச் சொல்கிறேன். அவசரமில்லை, உட்காருங்கள்.

அப்போது எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். ராகி விளைந்த மேட்டில் கல் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள். எங்கள் ஊர் தொரப்பள்ளிப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. அப்பா ஏரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாடுகளை விற்றாகிவிட்டது. இருந்த கொஞ்ச நிலத்தில் பட்டுப்புழுவுக்கு இலை கொடுக்கிற மல்பெரிச் செடி. புழு வளர்ப்பு முழுக்க அத்தையின் ராஜ்ஜியம்.

அத்தை அப்பாவின் அக்கா. கன்னட எல்லையைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய், புருஷன் செத்தபின் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு புழு வளர்ப்பார்கள். எங்கள் ஊரில் முதன்முதலில் தட்டு கட்டினது அத்தைதான். வீட்டின் பெரிய அறையைப் புழுவுக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுப்படியில் படுத்தோம். மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். தட்டு நிற்கிற மரக்காலுக்கு அடியில் எறும்பு ஏறாமல் இருக்க மண்கிண்ணத்தில் தண்ணீர். அந்தக் கிண்ணங்கள் இப்போது எங்கே போயினவோ. உள்ளங்கை அகலம், விளிம்பில் குயவரின் விரல் பதிந்திருக்கும். அதில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

புழு நாலு தடவை படுக்கும். படுத்தால் இலையைத் தொடாது, நகராது. கீழே இலையை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் மேலே தூக்கி வைத்திருக்கும். அந்த நேரத்தில் தட்டை இடிக்கக் கூடாது, புழுவைத் தொடக் கூடாது. அத்தை எங்களைப் பேசக்கூட விடமாட்டாள். ஒரு பகல், ஒரு இரவு போனால் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு சுற்றுப் பெரிதாக எழும். நாலாவது தடவை எழுந்தபின் தின்னத் தொடங்கினால் நிறுத்தாது. மொடமொடவென்ற புதுச் சேலையைக் கையில் வைத்துக் கசக்குகிற மாதிரி வீடு முழுக்கச் சத்தம். இந்தக் கடைசித் தீனிதான் உயிர். இதில் பிசகினால் கூடு இல்லை.

முந்தின தடவை பிசகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவமானவளைப் பார்த்துவிட்டு ஒரு சொந்தக்காரி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, ஆசையாக ஒரு தட்டைத் தொட்டாள். கொஞ்ச நாளில் புழு எல்லாம் தொங்கிப்போய் கறுத்தது. அத்தை கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டி மண் போட்டதை நான் பார்த்தேன். அழவில்லை. அதற்குப் பிறகு ஒரு சட்டம். கடைசித் தீனி தொடங்கியதும் வாசலில் முள் படலைச் சாத்திவிடுவாள். உள்ளே இருப்பவர்கள் செடிக் கொல்லையைத் தவிர எங்கும் போகக் கூடாது. வெளியிலிருந்து யாரும் வரக் கூடாது. சாவு வீடு, ஆஸ்பத்திரி என்ற பேச்சே கிடையாது. பெயிண்ட் வாசனை ஆகாது என்று அப்பாவையே கம்பெனி ஷெட்டில் படுக்கச் சொல்லிவிட்டாள். தம்பிதான், ஆனாலும் படலுக்கு அந்தப் பக்கம்.

நான் சொல்ல வந்த தடவை, மழைக்குப் பின் ஊரில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. எனக்கும் போனது. ஓமத்தண்ணீர் குடித்தேன், நின்றது, மறந்தும் போனோம். அது போய்ச் சில நாள் கழித்துத்தான் ஒரு காலையில் கால்விரல்கள் ஜிவ்வென்று இருந்தன. செடிக்குப் போகும்போது செருப்பு கழன்று கழன்று விழுந்தது. ஓசூர்ச் சந்தையில் அப்பா வாங்கித் தந்த நீல வார் ரப்பர் செருப்பு, என் முதல் செருப்பு. வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா இழுத்துப் பார்த்தாள்.

"வாரு நல்லாத்தான கீது. கால ஒழுங்கா வெச்சு நட."

கால் விரல் வாரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் விரல் நம் சொல்லைக் கேட்காது என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

மறுநாள் இலை பறிக்கக் குந்தினேன், எழ முடியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, தொடையில் ஊன்றி, செடியைப் பிடித்து எழுந்தேன். படல் ஓரமாக நின்ற பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏமே, உம் பொண்ணு கெழவி மாதிரி எழுந்துக்கறா! இலைக் கூடையப் பாத்தா மட்டும் கால் வலிக்குதா?"

அம்மாவுக்கு ரோஷம். "எம் பொண்ணு எடுக்கற கூடைய உம் பொண்ணு தொட்டுப் பாக்கட்டும்" என்றாள். ஆனால் என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "மானத்த வாங்காத, நட" என்றாள்.

நடந்தேன். வாசற்படியில் மடங்கி விழுந்தேன். அத்தை புழு அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, கன்னத்தைப் பார்த்தாள், மார்பைப் பார்த்தாள். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டாள். முதுகு வலித்தது. ஆமாம் என்றேன். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே சுருங்கியது. இரண்டையும் நான் பார்த்தேன். அந்த மலர்ச்சி எனக்காக, சுருக்கம் புழுவுக்காக என்று இப்போது தெரிகிறது.

"இவ பெரிய மனுசி ஆவப் போறா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் இப்பிடித்தான், இடுப்பும் காலும் விட்டுப்போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ. தீனி நேரத்துல இந்த வீட்டுக்குள்ள ஆச்சுன்னா புழு அவ்வளவுதான். கொட்டாய்ல போடு."

மாடு விற்றபின் காலியாகக் கிடந்த கொட்டகை அது. புழு அறையின் பின்சுவர்தான் அதற்கும் சுவர். அம்மா பெருக்கி, ராகித் தாள் பரப்பி, பாய் போட்டாள். வேப்பிலைக் கொத்து ஒன்று செருகினாள். அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பழைய மூத்திர வாடையும், ஈர மண் வாடையும், சுவருக்கு அந்தப் பக்கம் புழு தின்கிற சத்தமும். அங்கே நான் ஒரு பெரிய காரியத்துக்காகக் காத்திருக்கிறவளாகப் படுத்தேன். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பெருமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் முழங்காலை மடக்க வரவில்லை. அடுத்த காலையில் பின்னல் போடக் கையைத் தூக்கினால் தோளுக்கு மேல் போகவில்லை. வலி பெரிதாக இல்லை. அதுதான் மோசம். வலித்திருந்தால் கத்தியிருப்பேன், நம்பியிருப்பார்கள். கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. கையை எடுத்து ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறேன், கை பாயில் கிடக்கிறது. ஈ மூக்கோரம் நடந்து, கண்ணோரம் நடந்து, தானாகப் போனது. அதுவரைக்கும் நான் அந்த ஈயைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வேறு என்ன செய்ய?

அத்தை கொட்டகைக்குள் வரமாட்டாள். வெளியே தள்ளி நின்று பேசுவாள்.

"அத்தே, எனக்குக் கால் வரல அத்தே."

"வரும், வரும்."

"கையும் வரல."

"படுத்த புழுவ எழுப்பக் கூடாதுடி. தானா எழும். எழறப்ப எப்பிடி எழும்னு பாத்திருக்கற இல்ல? ஒரு சுத்து பெருசா. நீயும் அப்பிடித்தான் எழுவ. பேசாம கெட."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவள் வாழ்க்கையில் கண்ட பெரிய அதிசயம் அதுதான். செத்தது போலக் கிடக்கிற புழு எழுந்து வரும். எத்தனையோ ஆயிரம் தடவை கண்ணால் பார்த்தவள். நான் எழமாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

வார லீவுக்கு அப்பா சைக்கிளில் வந்தார். படலுக்கு வெளியே மணி அடித்தார். கொட்டகையிலிருந்து வாசல் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும்.

"பாப்பா எங்கக்கா?"

"உள்ள படுத்திருக்கா. நல்ல சேதிதான். இன்னும் ஆவல, ஆவும்."

அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தது கேட்டது. நான் "அப்பா" என்று கூப்பிட்டேன். குரல் என் குரலாக இல்லை. மூக்கால் பேசுகிற மாதிரி, நூலாக வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"என்னமோ முனகறாளே?" என்றார் அப்பா.

"வெக்கம். போயி ஒரு தாவணி எடுத்துட்டு வா. நல்ல கலரா எடு."

சைக்கிள் போனது. ஓசூருக்குப் போய் அன்றைக்கே திரும்பியும் வந்தார், கையில் குங்குமக் கலரில் தாவணி. படலுக்கு மேலாக அம்மாவிடம் நீட்டிவிட்டுப் போனார். அம்மா அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். புதுத் துணி வாசனையும் அப்பாவின் பெயிண்ட் வாசனையும் அதில் இருந்தன. எத்தனை கிட்டே வந்துவிட்டுப் போயிருக்கிறார்! ஒரு சுவர், ஒரு முள் படல். எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அம்மா இலைக்குப் போன நேரம், நான் எப்படியாவது படல் வரைக்கும் போய்விடுவது என்று கிளம்பினேன். பாதையில் போகிறவர்கள் யாராவது பார்க்கட்டும். முழங்கை மட்டும் ஓரளவு சொன்னதைக் கேட்டது. முழங்கையால் இழுத்து இழுத்து, மண்ணில் தாடை உரச, கால் இரண்டும் பின்னால் வேறு யாருடையதோ போல வர, முன்பு மாடு தண்ணீர் குடித்த கல் தொட்டி வரைக்கும் போனேன். அதற்கு மேல் இல்லை. தொட்டியின் நிழலில் கன்னம் மண்ணில் பதியக் கிடந்தேன். படல் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு நின்று என்னைப் பார்த்தது.

அத்தை வந்து பார்த்துவிட்டாள். "அடங்கறாளா பாரு!" என்று திட்டிக்கொண்டே, தீட்டு இன்னும் ஆகவில்லை என்ற தைரியத்தில், என்னை அள்ளித் தூக்கினாள். என் கழுத்து அவள் கைக்கு வெளியே தொங்கியது. தூக்க முடியாமல் தூக்கி, மூச்சு வாங்க, அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எப்பிடிக் கனத்துட்டா பாரு! வளந்துட்டா எங்கண்ணு."

தளர்ந்த உடம்பு கனக்கும். பிணம் தூக்கியவர்களுக்குத் தெரியும். அத்தை அதை வளர்த்தி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். என்னைப் பாயில் போட்டுவிட்டுக் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு புழுவிடம் போனாள்.

அடுத்த நாள் காலையில் அம்மா உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தாள். விழுங்க முடியவில்லை. வாயில் போட்டது வாயிலேயே நின்றது. தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் மூக்கால் வந்தது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். என் பின்னால் உட்கார்ந்து மெதுவாக நிமிர்த்தினாள். கையை எடுத்தாள். தலை அப்படியே மார்பில் விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள், பின்னால் விழுந்தது. என் கையைத் தூக்கி விட்டாள், தொப்பென்று விழுந்தது. நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதுவரைக்கும் அம்மா அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எழுந்து போய்ப் புழு அறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, வந்து பாருங்க. இது நீங்க சொல்றது இல்ல."

"தீனி போட்டுட்டிருக்கேன். என்னான்னு அங்க இருந்தே சொல்லு."

"படுத்த புழு தலையத் தூக்கி வெச்சிருக்கும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? கீழ கெட்டியாப் புடிச்சிருக்கும்னு? இவ தலை நிக்கல அண்ணி. கையி எதையும் புடிக்கல. போன தடவ குழியில கொட்டினோமே, அது மாதிரித் தொங்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் இலை உதறுகிற சத்தம் நின்றுபோனது. புழு தின்கிற சத்தம் மட்டும்.

"ஆஸ்பத்திரிக்கின்னு போனா..." என்று அத்தை தொடங்கினாள்.

"போறேன்."

"போனவ கூடு கட்டற வரைக்கும் உள்ள வர முடியாது. இலை யாரு அறுக்கறது? நான் ஒருத்தி, இத்தன தட்டு. ரெண்டு நாள் பொறு. ரெண்டே நாள், கூடு கட்ட ஏறிடும்."

"வரல" என்றாள் அம்மா. "நீங்களே வெச்சுக்கங்க."

தாவணியைப் பிரித்து, என்னை முதுகில் போட்டு, சின்னக் குழந்தையைக் கட்டுகிற மாதிரி அதால் இறுக்கிக் கட்டினாள். என் தலை அவள் தோளில் உருண்டது. படலைக் காலால் உதைத்துத் தள்ளினாள். முள் அவள் கணுக்காலில் கிழித்தது.

வெளியே கூடு வாங்குகிற வியாபாரி பாய் தன் வேனை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். புழு எப்போது ஏறும் என்று கேட்டுப் போக வந்தவர். உள்ளே வர உத்தரவு இல்லாததால் எப்போதும் ரோட்டிலேயே நின்று குரல் கொடுப்பார். என் கழுத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது, புள்ளைக்குக் கழுத்தே நிக்கல?"

அத்தை வாசல் வரைக்கும் வந்திருந்தாள். கையில் இலை. "பாய், இவங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்கன்னா அந்த வண்டியோட இந்தப் பக்கம் வராதீங்க."

"கூடு எனக்கு வேணும்தான் பெரியம்மா" என்றார் பாய், வேன் கதவைத் திறந்துகொண்டே. "புள்ள முந்தி. ஏறும்மா."

வேன் புறப்பட்டபோது அம்மா தோளுக்கு மேலாக எனக்கு அத்தை தெரிந்தாள். படலை எடுத்துச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். தெற்கத்திப் பேச்சு. சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் எகிற வேண்டுமாம். எகிறிவிடு, எகிறிவிடு என்று நான் அதை மனதுக்குள் கெஞ்சினேன். அது கிடந்தது. பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஒண்ணு ரெண்டு தெரியுமா பாப்பா? மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சில எண்ணு, எதுவரைக்கும் போறேன்னு பாப்போம்" என்றார்.

எனக்கு நூறு வரைக்கும் தெரியும். தமிழில் தெரியும், தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடத் தெரியும். இழுத்துக்கொண்டு தொடங்கினேன். ஆறில் நின்றுவிட்டது. ஏழு வாயில் இருக்கிறது, காற்று இல்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "கொஞ்ச நாளைக்கு முன்னால வயித்தால போச்சா?"

"போச்சு. அது அப்பவே சரியாப் போச்சுங்களே" என்றாள் அம்மா. "இளம்பிள்ளை வாதங்களா?"

"இது வேற. வயித்துக்கு வந்த சீக்கு போனப்புறம் சில பேருக்கு நரம்பு கெடும். கால்ல ஆரம்பிச்சு மேல மேல ஏறும். இப்ப மூச்சு விடற எடத்துக்கு வந்துட்டுது. பெங்களூர்ல மூச்சுக்கு மெஷின் இருக்கு, இங்க இல்ல. இந்த வண்டியிலேயே கெளம்புங்க. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அம்மாவுக்கு வீட்டில் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பெங்களூரில் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். ஒரு மெஷின் எனக்காக மூச்சு விட்டது. புஸ் என்று இழுக்கும், தஸ் என்று விடும். என் மார்பு அதன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். பேச முடியாது, விரல் அசைக்க முடியாது. கண்ணை மட்டும் மூடலாம், திறக்கலாம். ஆனால் காது எல்லாவற்றையும் கேட்கும், தோல் எல்லாவற்றையும் உணரும். கன்னடத்தில் நர்சுகள் வீட்டுக் கதை பேசுவார்கள். ஒரு நர்சின் மாமியார் செய்கிற அக்கிரமம் முழுக்க எனக்குத் தெரியும். நான் அறிவு தப்பிக் கிடக்கிறேன் என்று நினைத்து வந்தவர்கள் போனவர்கள் சொன்ன பேச்சும் தெரியும். கொட்டகையில் ஒரு சிறை என்றால் இது அதற்குள் இன்னொரு சிறை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. இங்கே எனக்குக் கை கால் வராது என்று கண்ணால் சொன்னாலே நம்பினார்கள். அம்மா என் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பாள், நான் இமையை மூடிப் பதில் சொல்வேன்.

அப்பா வந்தார். கண்ணைத் திறக்குமுன்னே பெயிண்ட் வாசனையில் தெரிந்துகொண்டேன். பாய் போய்ச் சேதி சொன்னபின் அப்பா லீவு போட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இலை அறுத்துக் கொடுத்தது அவர்தான். அத்தை தடுக்கவில்லை. பெயிண்ட் நகத்தோடு அவர் போட்ட இலையைத் தின்று புழு நன்றாகக் கூடு கட்டியதாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அதே வேனில்தான் பாய் கூடு ஏற்றிக்கொண்டு போனாராம்.

"என் வாசனைக்கு ஒண்ணும் ஆவலியேன்னு அக்காகிட்ட கேட்டேன்" என்றார் அம்மாவிடம்.

"என்னா சொன்னாங்க?"

"சோப்பு போட்டுக் குளிச்சியான்னு கேட்டா."

அம்மா அத்தனை நாளுக்குப் பின் சிரித்தாள்.

ஏறி வந்த வழியே அது இறங்கிப் போனது. முதலில் மூச்சு, பிறகு தொண்டை, பிறகு கை. குழாயை எடுத்தபின் ஒரு மத்தியானம் அத்தை வந்தாள். அவள் வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கட்டிலுக்குத் தள்ளி நின்றாள். பழக்கம்.

"கால ஆட்டு" என்றாள்.

பெருவிரல் கொஞ்சம் அசைந்தது.

"ம்" என்றாள். வெகு நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "தூக்கனப்ப கனமா இருந்தா" என்றாள்.

நான் நடக்க மாசக்கணக்கானது. செருப்பு விரலில் நிற்க இன்னும் நாளானது. அவர்கள் காத்திருந்த அந்தப் பெரிய காரியம், அதெல்லாம் முடிந்து வெகு நாளைக்குப் பின்தான் வந்தது. வந்தபோது நான் செடிக் கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தேன். கால் வலிக்கவே இல்லை.

இதனால்தான் போன வாரம் கத்தினேன். வயசாகிவிட்டது, சோர்வு, வாயு, பித்தம் என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரு பேர் வைத்துவிடுகிறோம். சோர்வு உடம்பு முழுக்கப் பரவலாக இருக்கும், தூங்கி எழுந்தால் குறையும். நேற்று வரை தூக்கிய குடத்தை இன்று கை தூக்கவில்லை என்றால் அது சோர்வு இல்லை. ஒரு பக்கக் கை போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். இரண்டு காலும் தளர்ந்து, நாளுக்கு நாள் மேலே ஏறுகிறது என்றால் நாளை என்று சொல்லக் கூடாது. விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் சேலை மாற்றக்கூட நிற்காதீர்கள். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். எனக்கும் பெரிதாக வலி இருக்கவில்லை. யாருடைய ஷிப்ட் முடியவும், யார் வரவும், எந்த வேலை ஓயவும் காத்திருக்காதீர்கள். பிள்ளை ஒன்று கால் வரவில்லை என்று சொன்னால், முதலில் அதை நம்புங்கள்.

அத்தை கற்றுக்கொண்டாளா என்று கேட்பீர்கள்.

அவள் கடைசிக் காலம் என் வீட்டில்தான். எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, ஓசூர் எங்கள் கொல்லை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று. நானும் புழு வளர்த்தேன். அத்தைக்குக் கண் மங்கியிருந்தாலும் தட்டு அவள் ஆட்சியில்தான். ஒரு காலையில், கடைசித் தீனி, வீடு முழுக்கத் தின்கிற சத்தம். இலைக் கூடையோடு அறையை விட்டு வெளியே வந்தவளின் வலது கையிலிருந்து கூடை நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. கையைப் பார்த்தாள். விரலை மடக்கிப் பார்த்தாள். அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள. கை வரல. ஆட்டோவக் கூப்புடு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துத் தெருமுனைக்கு வந்தபோது, அண்டை வீட்டுக்காரி ஒருத்தி ஆட்டோவை மறித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தீனி நேரத்துல ரெண்டு பேரும் எங்கம்மா போறீங்க? அத்தன புழுவும் என்னா ஆவறது?"

அத்தையின் வாய் ஒரு பக்கம் கோணத் தொடங்கியிருந்தது. பேச்சு குழறியது. ஆனாலும் எனக்கும் அந்த அண்டை வீட்டுக்காரிக்கும் நன்றாகவே விளங்கியது.

"தின்னும், இல்ல சாவும். நீ மொதல்ல வழிய விடு."